கண்ணுக்குள் ஒரு களவு

1

பிணத்தின் கண்கள் திறந்திருந்தன.

அந்தக் கண்களுக்குள் இருக்க வேண்டியது மட்டும் இல்லை...

டாக்டர் ராலிட்சா புக்லேவா கையிலிருந்த டார்ச்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். வலது கண். இடது கண். நம்ப முடியாமல் மறுபடியும் வலது கண்.

ப்ளோவ்திவ் நகரத்துப் பிணவறை, ஜூன் மாதச் சாயங்காலத்திலும் சில்லென்றிருந்தது.

"செத்தவர் கண்ணுல அப்படி என்ன தேடறீங்க டாக்டர்?"

கேட்டவன் இன்ஸ்பெக்டர் விஹ்ரேன் தாஷெவ். கதவருகே சாய்ந்து நின்றிருந்தான். கையில் காகிதத்தில் சுற்றிய பாலாடைக்கட்டி பனிட்சா. சாப்பாட்டை எந்த இடத்திலும் முடிக்கக்கூடியவன்.

"லென்ஸ்" என்றாள் ராலிட்சா.

"அவரோட கண்ணாடியா? படிக்கட்டுல விழுந்தப்பவே தூள் தூளாயிடுச்சு."

"கண்ணாடியைச் சொல்லலை. கண்ணுக்குள்ள வெச்ச லென்ஸ். புரையை எடுத்துட்டு அந்த இடத்துல செயற்கை லென்ஸ் வெப்போம் இல்லையா... அது. இவருக்கு ரெண்டு கண்ணுலயும் இருந்தது. முந்தாநாள்கூட நான் பார்த்தேன்."

"இப்போ?"

"காணோம்."

இன்ஸ்பெக்டர் மெல்லுவதை நிறுத்தினான்.

"விழுந்த வேகத்துல வெளிய தெறிச்சிருக்கும்."

"தெறிச்சா கண்ணே கிழிஞ்சிருக்கும். கிட்ட வாங்க. பயப்படாதீங்க, அவர் எழுந்துக்க மாட்டார்."

"எழுந்துட்டா எனக்கு வேலை மிச்சம். எப்படி விழுந்தீங்கன்னு அவரையே கேட்டுக்குவேன்."

வந்து குனிந்தான். கருவிழியின் ஓரத்தில் ஒரு கோடு. நகம் பட்ட கீறலைவிடச் சின்னது. அவள் விரல் வைத்துக் காட்டியிருக்காவிட்டால் அவன் கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்காது.

"அந்தச் சின்ன வெட்டு வழியாவா?"

"அது வழியாத்தான். லென்ஸை உள்ளேயே ரெண்டு துண்டா வெட்டி, ஒண்ணொண்ணா வெளிய இழுத்திருக்காங்க. சுத்தி எங்கயும் சிவக்கலை. அப்படின்னா செத்ததுக்கு அப்புறம் செஞ்சது. ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி, மயிரிழை பிசகாத வெட்டு."

"இதை யாரால செய்ய முடியும்?"

ராலிட்சா கையுறையைக் கழற்றினாள்.

"இந்த ஊர்லயா? ரெண்டே பேரால. ஒண்ணு நான்."

மேசையில் கிடந்தவர் ஸ்தாமென் கெர்ஜிகோவ். நகர ஓபரா குழுவில் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்றவர். வாசித்த காலத்தைவிட ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் சத்தம் ஊருக்கு அதிகமாகக் கேட்டது. காலையில் பழைய நகரத்துக் கல் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். பார்வை மங்கின கிழவர், கால் தவறிவிட்டார் என்று போலீஸ் முடிவே கட்டிவிட்டது.

அவர் மனைவி கின்கா மட்டும் முடிவு கட்டவில்லை. ராலிட்சாவுக்குப் போன் செய்தாள்.

"நீ போய்ப் பாரு பொண்ணே. அந்தப் படி அவருக்குக் கண்ணே வேணாம், காலுக்கே தெரியும்."

பார்த்தாயிற்று.

"கால் தவறி விழறது விபத்து" என்றான் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "விழுந்தவர் கண்ணுக்குள்ள கை வெச்சா அது விபத்து இல்லை. அந்த ரெண்டாவது ஆள் யாரு டாக்டர்?"

ராலிட்சா கழற்றிய கையுறையைத் தொட்டியில் போட்டாள்.

அவளுக்கு அறுவை செய்யக் கற்றுத் தந்த கை அது.

"ப்ரொஃபஸர் ஓக்னியான் ஸஹாரியெவ்."

2

பிணவறைக்கு வெளியே இலுப்பை வாசம்போல லிண்டன் பூ மணத்தது. இயந்திரத்திலிருந்து பிடித்த இரண்டு காப்பியோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"புரியற மாதிரி சொல்லுங்க" என்றான் இன்ஸ்பெக்டர். "எனக்குக் கண்ணைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம், என் பொண்டாட்டி முறைச்சா கீழ பாக்கணும்கறதுதான்."

ராலிட்சா சிரிக்கவில்லை.

"ப்ரொஃபஸர் சொந்தமா ஒரு லென்ஸ் கண்டுபிடிச்சார். பேரு ரோஸா. பனித்துளி. நம்ம நாட்டு லென்ஸ்னு பத்திரிகைக்காரங்க கொண்டாடினாங்க. முதல் வருஷம் வெச்சுக்கிட்டவங்க எல்லாருக்கும் பார்வை பிரமாதம். நானே நூத்துக்கணக்குல வெச்சேன்."

"அப்புறம்?"

"அவங்க திரும்பி வர ஆரம்பிச்சாங்க. பனி மூட்டமா தெரியுதும்மா, விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதும்மான்னு. நான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சோதிச்சேன். வெச்ச லென்ஸே வெள்ளை பூத்துக்கிட்டிருந்தது. உள்ளுக்குள்ள சுண்ணாம்பு படியற மாதிரி."

"ப்ரொஃபஸர் என்ன சொன்னார்?"

"லென்ஸ்ல குறை இல்லை, லென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற சவ்வு மங்குது, வயசானா அப்படித்தான்னார். லேசர் வெச்சுச் சவ்வைத் துளைச்சோம். பிரயோஜனம் இல்லை. ஒரே ஒரு வழிதான் பாக்கி. லென்ஸை வெளிய எடுத்து ஆய்வுக்கூடத்துல கொடுத்துப் பாக்கறது."

"எடுக்க வேண்டியதுதானே?"

"உங்க கண்ணுன்னா குடுப்பீங்களா? இருக்கிற அரைப் பார்வையும் போயிடுமோன்னு எல்லாரும் பயந்தாங்க. ஸ்தாமென் ஐயா ஒருத்தர்தான் சரின்னார். நாளைக்குக் காலையில எடுக்கறதா இருந்தது."

"நாளைக்கு என்ன விசேஷம்?"

ராலிட்சா அவனைப் பார்த்தாள். இந்த ஆள் நினைத்த அளவு மந்தமில்லை.

"கண் மருத்துவர்கள் மாநாடு. இங்கேயே, பொருட்காட்சி மண்டபத்துல. ப்ரொஃபஸர் ரோஸாவைப் பத்திப் பேசறார். ஸோஃபியாவுலேர்ந்து அமைச்சக அதிகாரி வர்றார். பேச்சு நல்லபடியா முடிஞ்சா, நாட்டுல இருக்கிற எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் அந்த லென்ஸ்தான்."

"நீங்க குறுக்க நிக்கறீங்க."

"நின்னேன். பேசறவங்க வரிசையிலேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க. இன்னும் நிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் காப்பியை ஒரே மடக்கில் முடித்தான்.

"வெளிய வர்றப்ப பிணவறைக் காவலாளியை விசாரிச்சேன் டாக்டர். மத்தியானம் கண் வங்கியிலேர்ந்து ஒருத்தர் வந்ததா சொல்றான். முகமூடி, தொப்பி, பச்சை அங்கி. கண் வங்கி ஆளுங்க அடிக்கடி வர்றதால முகத்தைக்கூட பாக்கலையாம். ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டா, டாக்டர்னு பதில் சொல்றான்."

ராலிட்சா காப்பியைப் பெஞ்சில் வைத்தாள்.

"கண் வங்கிக்குன்னு குடுத்த பிணவறைச் சாவி யார் யாருகிட்ட இருக்கு?"

"ப்ரொஃபஸர்கிட்ட. என்கிட்ட."

"மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

"ஸ்தாமென் ஐயா செத்துட்டார்னு கேட்டதும் ஆஸ்பத்திரியில இருக்க முடியலை. மரிட்சா ஆத்தங்கரையில நடந்தேன்."

"யாரோட?"

"வாத்துகளோட."

"வாத்துங்க சாட்சி சொல்லாதே டாக்டர்" என்று எழுந்தான் அவன். "லென்ஸ் வேணும்னு அலைஞ்சவங்க நீங்க. எடுக்கத் தெரிஞ்சவங்க நீங்க. சாவி வெச்சிருக்கிறவங்க நீங்க. ஊரை விட்டு எங்கயும் போயிடாதீங்க."

3

மறுநாள் காலை தன் அறையில் ப்ரொஃபஸர் ஸஹாரியெவ் எழுந்து நின்று வரவேற்றார்.

வெள்ளித் தலை. நாடகக் கொட்டகை முழுக்கக் கேட்கும் குரல். சுவரெல்லாம் பட்டங்கள். நடுவில் தங்கச் சட்டத்துக்குள் ஒரு பத்திரிகைப் பக்கம்... 'தன் கண்ணிலேயே முதலில் வைத்துக்கொண்டார்!'

"உட்காருங்க இன்ஸ்பெக்டர். பாவம் ஸ்தாமென். நல்ல வாசிப்பு. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"அவர் கண்ணுலேர்ந்து லென்ஸை யாரோ எடுத்துட்டாங்க ப்ரொஃபஸர்."

ப்ரொஃபஸர் நிதானமாக நாற்காலியில் அமர்ந்தார். காப்பிக் கோப்பைக்காகக் கை நீட்டினார். கை கோப்பையைத் தாண்டிப் போனது. மேசையைத் தடவித் தடவித் திரும்பி வந்து பிடியைக் கண்டுபிடித்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தான்.

"கதவைச் சாத்துங்க" என்றார் ப்ரொஃபஸர். குரல் இறங்கியிருந்தது. "நான் சொல்லப்போறது இந்த அறையைத் தாண்டக் கூடாது. சத்தியம் பண்ணுவீங்களா?"

"போலீஸ்காரன் சத்தியம் எதுக்கு ஆகும்? சொல்லுங்க."

"ராலிட்சா சொல்றது நிஜம். ரோஸா மங்குது."

இன்ஸ்பெக்டர் எதிர்பார்க்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"என் கண்ணுக்குள்ளயும் அதுதானே இருக்கு. முதல் ரோஸாவை எடுத்துக்கிட்டு வியன்னா போய், நண்பர் ஒருத்தரை விட்டு எனக்கே வெச்சுக்கிட்டேன். இப்ப உங்க முகம் எனக்கு ஒரு வெள்ளைத் திட்டு. மீசை இருக்கா இல்லையான்னுகூடத் தெரியலை."

"இருக்கு."

"நல்லது. நான் கத்தியைத் தொட்டே வருஷம் ஆகப்போகுது. இளசுங்களுக்கு வழி விடறேன்னு வெளிய சொன்னேன். வேற எப்படிச் சொல்ல முடியும்? மாநாடு முடியட்டும், அப்புறமா கௌரவமா ஒத்துக்கலாம்னு இருந்தேன். வயசானவனோட வறட்டு கௌரவம்."

கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வெட்டு எப்படி இருந்ததுன்னு ராலிட்சா சொன்னாளா?"

"மயிரிழை பிசகாததுன்னாங்க."

"அப்ப நீங்களே யோசிங்க. காப்பிக் கோப்பையைப் பிடிக்கத் தெரியாதவன் அந்த வெட்டை வெட்டுவானா?"

ப்ரொஃபஸர் பெருமூச்சு விட்டார்.

"அவ கெட்டவ இல்லை. அந்த லென்ஸ் மேல வெறி பிடிச்சுப்போச்சு. ஸ்தாமென் கடைசி நேரத்துல மனசு மாறி, வேணாம்னு சொல்லியிருக்கலாம். வாக்குவாதம் வந்திருக்கலாம். படிக்கட்டுல என்ன நடந்ததோ... எனக்குத் தெரியாது. அவளை மென்மையா நடத்துங்க. என் மாணவி."

4

கர்ஷியாகா பேட்டையில் கின்காவின் வீடு. அடுப்படி மேசையில் செத்தவருக்காக வேக வைக்க வேண்டிய கோதுமை, பாத்திரத்தில் அப்படியே இருந்தது.

"வேக வெக்க மாட்டேன்" என்றாள் கின்கா. கறுப்புத் துணி கட்டவில்லை. பூப்போட்ட கவுன்தான் போட்டிருந்தாள். "எவன் செஞ்சான்னு தெரியாம நான் அவரைப் புதைக்க மாட்டேன். பாதிரி வந்து பேசிப் பார்த்தார். போய் மணியடிங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எதிரில் ராலிட்சா. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி வாங்கியிருந்தார்கள். கேட்டவனிடம் அவள் சண்டை போடவில்லை. 'பத்திரமா வெச்சிரு, திரும்ப வாங்க வருவேன்' என்று மட்டும் சொன்னாள்.

"என்னாலதான் அம்மா. நான் கேட்டிருக்காட்டி..."

"வாயை மூடு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே அந்தாளு பொருமிக்கிட்டுத்தான் இருந்தார். 'நோட்டுல இருக்கிற சுரம் தெரியலைடி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு'ன்னு. வாசிக்கிறவன்கிட்டேர்ந்து நோட்டைப் பிடுங்கினா அவன் என்ன செய்வான்? எனக்கும் இடது கண்ணுல அதே சனியன்தான். நான் பயந்தேன். அவர் பயப்படலை."

கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் தாஷெவ்.

"வா தம்பி" என்றாள் கின்கா. "கைது பண்ண வந்தியா, துக்கம் கேக்க வந்தியா?"

"முதல்ல துக்கம்."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு ராலிட்சாவிடம் திரும்பினான்.

"ப்ரொஃபஸர் அதைச் செஞ்சிருக்க முடியாது டாக்டர். அவருக்குக் கண் தெரியலை. என் எதிர்ல கோப்பையைத் தடவினார். ரோஸா மங்குதுன்னு அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார்."

ராலிட்சா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"யார்? ஸஹாரியெவா? மங்குதுன்னு சொன்னாரா?"

"அவர் கண்ணுலயே மங்கிடுச்சாம்."

"நான் ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்தினேன். பைத்தியம்னார். உங்ககிட்ட ஒரு கோப்பை காப்பி ஆறறதுக்குள்ள ஒத்துக்கிட்டாரா?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார்."

"ஏன் சொல்லக் கூடாது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் திருப்பினான். அந்தக் கேள்வி அவனுக்கும் காலையிலிருந்து உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல மேடை ஏறப் போறார்" என்றாள் ராலிட்சா. "உங்ககிட்ட கண் தெரியலைன்னு சொன்னவர், அங்க என்ன சொல்வார்னு எனக்குக் கேக்கணும்."

"உங்களை உள்ள விட மாட்டாங்க. அட்டை இல்லை."

"விட மாட்டாங்களா, பாக்கலாம்."

"நீங்க சந்தேகப் பட்டியல்ல இருக்கிறவங்க டாக்டர். நான் உங்க பின்னாடியே வரணும்."

கின்கா பூப்போட்ட கவுனின் மேல் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப பின்னாடி ஏன் வர்றே? வண்டியை எடு, முன்னாடி உட்கார்ந்து ஓட்டு."

5

போலீஸ் அட்டைக்கு எந்த வாசலும் திறக்கும்.

பொருட்காட்சி மண்டபம் நிரம்பியிருந்தது. நாடெங்கும் இருந்து வந்த கண் டாக்டர்கள். முதல் வரிசையில் அமைச்சக அதிகாரி. மேடையின் ஒரு பக்கம், செய்முறை காட்டுவதற்காக ஒரு கருவி வைத்திருந்தார்கள். தாடையை அதில் பொருத்தி உட்கார்ந்தால் கண்ணைப் பெரிதாக்கித் திரையில் காட்டும்.

ப்ரொஃபஸர் ஸஹாரியெவ் முழங்கிக்கொண்டிருந்தார்.

"...பனித்துளிக்கு நிறம் உண்டா? கிடையாது. ரோஸாவும் அப்படித்தான். தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத லென்ஸ். மற்ற நாட்டுக்காரர்கள் மஞ்சள் சாயம் கலப்பார்கள், நாம் கலப்பதில்லை. இயற்கைக்கு நாம் சாயம் பூசத் தேவையில்லை."

கைதட்டல்.

"கேள்விகள் உண்டா?" என்றார் தலைமை வகித்தவர். வார்னாவிலிருந்து வந்த மூத்த பெண் டாக்டர்.

"ஒண்ணே ஒண்ணு."

தலைகள் திரும்பின. நடுவழியில் நின்றிருந்தாள் ராலிட்சா. பின்னால் பூப்போட்ட கவுனில் ஒரு விதவை. அவளுக்கும் பின்னால் இன்ஸ்பெக்டர், தூணின் நிழலில்.

"அவங்களை யார் உள்ள விட்டது?" என்றார் ப்ரொஃபஸர். குரலில் புன்னகை மாறவில்லை. "டாக்டர் புக்லேவா இப்போ விசாரணையில இருக்காங்க. உடம்பும் சரியில்லை..."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு ப்ரொஃபஸர். உங்க கண்ணு எப்படி இருக்கு?"

தலைகள் மறுபடி மேடைக்குத் திரும்பின.

"என்ன கேள்வி இது?"

"சின்னக் கேள்வி. ரோஸாவை உங்க கண்ணுலயே வெச்சிருக்கீங்க. அது இப்போ எப்படி இருக்கு? தெளிவா இருக்கா, மங்கிடுச்சா?"

ப்ரொஃபஸரின் பார்வை கூட்டத்தின் மேல் ஓடியது. முதல் வரிசை அதிகாரி பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்வை நடுவழிக்கு வந்தது. அதற்கும் பின்னால், தூணின் நிழலில்... ஒரு மீசை.

நின்றது.

ஒரு கணம்தான். ஆனால் இன்ஸ்பெக்டர் தாஷெவுக்கு அது போதுமானதாக இருந்தது. 'இவ்வளவு தூரத்துல என்னை எப்படி அடையாளம் கண்டார்?'

"பனித்துளி மாதிரி தெளிவா இருக்கு" என்றார் ப்ரொஃபஸர்.

இன்ஸ்பெக்டர் நிழலை விட்டு வெளியே வந்தான்.

"மன்னிக்கணும் ஸார். காலையில என் முகம் வெள்ளைத் திட்டுன்னீங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு. அதிகாரி திரும்பிப் பார்த்தார். தலைமை வகித்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓக்னியான், இது என்ன?"

ப்ரொஃபஸர் சிரித்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். தோற்கப் பழகாத மனிதர். அறுநூறு சகாக்களின் முன்னால் ஒரு மாணவிக்கும் ஒரு போலீஸ்காரனுக்கும் தலை குனிவதா?

"காலையில களைப்பா இருந்தது, ஏதோ சொல்லியிருப்பேன். சந்தேகம் எதுக்கு? கருவி இங்கேயே இருக்கு. பாத்துடலாம். அவ கை மட்டும் என் மேல பட வேண்டாம். நீங்க பாருங்க மேடம்."

போய் உட்கார்ந்து, தாடையைப் பொருத்தினார்.

திரையில் ஒரு கண் எழுந்தது. மனித உயரத்துக்கு.

மூத்த டாக்டர் ஒளியைச் சரி செய்தார். கூர்ந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மங்கல் இல்லை. தெளிவா இருக்கு."

கைதட்டல் வெடித்தது.

ராலிட்சா ஆடிப்போனாள். தெளிவா? அவள் பார்த்த அத்தனை பழைய ரோஸாவும் வெளுத்திருந்தன. முதன்முதலில் வைத்த ரோஸா மட்டும் எப்படித் தெளிவாக இருக்கும்? ரெண்டு வருஷ ஆராய்ச்சி... அத்தனையும் பொய்யா? ஸ்தாமென் ஒன்றுமில்லாததற்காகச் செத்தாரா?

"பொண்ணே" என்று கின்கா அவள் கையைப் பிடித்தாள். "தலையைத் தொங்கப் போடாதே. அவன் உன்னைத்தான் பாக்கறான். பதிலுக்கு நீயும் பாரு."

ராலிட்சா நிமிர்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

கைதட்டல் ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மண்டபத்து விளக்கை அணைக்க முடியுமா மேடம்?"

"எதுக்கு?" என்றார் ப்ரொஃபஸர், தாடையை எடுக்கப் போனவர்.

"இருட்டுல பாவை விரியும். லென்ஸ் இன்னும் நல்லா தெரியும். தெளிவா இருக்கிற லென்ஸ்தானே, காட்டறதுக்கு என்ன?"

மூத்த டாக்டர் ஒரு நொடி யோசித்தார். அவர் கை ப்ரொஃபஸரின் தோளில் அமர்ந்தது, மென்மையாக. ஆனால் எழ விடவில்லை.

"உட்காரு ஓக்னியான். அணைங்கப்பா."

இருள்.

திரையில் கறுப்புப் பாவை மெல்ல மெல்ல விரிந்தது. அதற்குள் ஒளி சாய்வாக நுழைந்தது. லென்ஸ் தெரிந்தது. முழுசாக.

தெளிவாகத்தான் இருந்தது.

மஞ்சளாகவும் இருந்தது.

வெயில் பட்ட வெள்ளை ஒயின்போல, சந்தேகத்துக்கே இடமில்லாத இளமஞ்சள்.

யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் லென்ஸ் என்பது தினசரிச் சோறு.

"நிறமே இல்லாத லென்ஸ்னு சொன்னீங்க" என்றாள் ராலிட்சா. இருட்டில் அவள் குரல் மட்டும் நடந்து மேடையை நெருங்கியது. "இது ரோஸா இல்லை ப்ரொஃபஸர். வெளிநாட்டு லென்ஸ். வியன்னாவுக்கு நீங்க ரோஸாவை எடுத்துக்கிட்டுப் போகவே இல்லை. ஊருக்கெல்லாம் அதை வெச்சீங்க. உங்களுக்கு மட்டும் வேற வெச்சுக்கிட்டீங்க. அப்படின்னா முதல் நாளே தெரியும். மங்கும்னு தெரிஞ்சேதான் எங்க கையில குடுத்தீங்க."

விளக்குகள் எரிந்தன.

ப்ரொஃபஸர் எழுந்து நின்றிருந்தார். வெள்ளித் தலை கலைந்திருந்தது.

"சோதனையில கொஞ்சம்தான் மங்கிச்சு. அடுத்த தயாரிப்புல சரி பண்ணிடலாம்னு..."

"அடுத்த தயாரிப்பு வர்ற வரைக்கும்?" என்றாள் கின்கா. "எங்க கண்ணை என்னய்யா செய்யறது? மடிச்சுப் பெட்டியில வெக்கறதா?"

இன்ஸ்பெக்டர் மேடைப் படியில் ஏறினான்.

"அப்ப உங்களுக்குக் கண் நல்லா தெரியும். கோப்பையைத் தடவினது நடிப்பு. மயிரிழை பிசகாத வெட்டை வெட்ட இந்த ஊர்ல ரெண்டு பேர்னு டாக்டர் சொன்னாங்க. அதுல ஒருத்தர் கண்ணு தெரியாதவர்னு நான்தான் உங்களைக் கழிச்சேன். இப்ப மறுபடி சேர்த்துக்கறேன்."

"நான் அவனைத் தள்ளலை" என்றார் ப்ரொஃபஸர்.

தள்ளினீர்களா என்று யாரும் அவரைக் கேட்கவேயில்லை.

"பேசத்தான் போனேன். தினமும் காலையில அந்தப் படி ஏறுவான்னு தெரியும். மாநாடு முடியட்டும், அப்புறம் எடுத்துக்கோன்னு சொன்னேன். கெஞ்சினேன். நான், ஸஹாரியெவ், ஒரு டிரம்பெட்காரன்கிட்ட கெஞ்சினேன். அவன் சிரிச்சான். 'என் கண்ணு, என் இஷ்டம், நாளைக்குப் பாரு ஊரே கேக்கற மாதிரி ஊதறேன்'னு என் கோட்டைப் பிடிச்சான். நான் உதறினேன். அவ்வளவுதான். உதறினேன்."

"சரி, அவர் தானா விழுந்தார். லென்ஸும் தானா வெளிய வந்து உங்க பைக்குள்ள ஏறிக்கிச்சா?"

ப்ரொஃபஸர் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அமைச்சக அதிகாரி தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பக்கவாட்டு வாசலை நோக்கி நடந்தார். அவர் நடக்கும் வேகத்திலேயே தெரிந்தது, ரோஸா இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் போகப்போவதில்லை.

மூத்த டாக்டர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"டாக்டர் புக்லேவா... வரிசையிலேர்ந்து உங்க பேரை எடுத்ததா கேள்விப்பட்டேன். மேலே வாங்க. பேசுங்க. நாங்க கேக்கறோம்."

ராலிட்சா கின்காவைத் திரும்பிப் பார்த்தாள். கின்கா அவள் முதுகில் கை வைத்தாள்.

"போ. எல்லாத்தையும் சொல்லு. சொல்லி முடிச்சதும் என் இடது கண்ணுல இருக்கிறதை எடுத்து இவங்க மூஞ்சி முன்னாடி வை. நான் படுத்துக்கறேன். இனிமே எனக்கு என்ன பயம்?"

"அம்மா..."

"வீட்டுக்குப் போய்க் கோதுமையை வேக வெக்கணும். சீக்கிரம் பேசு."

ராலிட்சா மேடை ஏறினாள். அதே படியில் ப்ரொஃபஸர் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கணம் நேருக்கு நேர். அவர்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவர் முழங்கையைப் பிடித்தான். ப்ரொஃபஸர் வெடுக்கென்று உதறினார்.

"கையை எடு. குருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதே. எனக்குக் கண் நல்லாவே தெரியும்."

"சந்தோஷம் ஸார்" என்றான் இன்ஸ்பெக்டர் தாஷெவ், விலங்கை எடுத்துக்கொண்டே. "கண் நல்லா தெரிஞ்சாத்தானே கம்பி எண்ண முடியும்?"